‘தடு’ என்னும் ஒரு சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்

ஆங்கிலம் பயிலும் மாணவர், ஒருபொருட் பன்மொழிகள் எனச் சில சொற்களை நிரல்படுத்தி மனனஞ் செய்தல் வழக்கம். ஹிண்டர், இம்பீட், ஒப்ஸ்ட்ரக்ட், ஹம்பர், பிரிவென்ட் என்னும் ஐந்தும் அத்தகைய நிரலொன்றில் அடங்குவன. ஐந்துக்கும் நேரே ‘தடு’ என எழுதிக்கொண்டு மாணவன் அப்பாற் செல்கின்றான். பின்னொருநாள், மழை கிரிக்கெற் ஆட்டத்தை ‘ஒப்ஸ்ட்ரக்ட்’ செய்தது என்று எழுதிச் சிவப்பு மையாற் கோடு பெறும்போது, தான் இழைத்த பிழை யாதென அவனுக்கு விளங்குவதில்லை. பிழை அவனதன்று, நிரலைக் கொடுத்த ஆசிரியராகிய நம்மது.

இந்நிரல்களுக்கு ரொஜே 1852 இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தை ஆதாரங் காட்டுவோர் உளர். ஒத்த சொற்களிடையேயுள்ள நுண்வேறுபாட்டை ஆராய்தல் தாம் மேற்கொண்ட பணியன்றென அவரே முன்னுரையிற் கூறியிருத்தலை அவர்கள் நோக்கினாரல்லர்.

வேறுபாட்டைச் சொற்பிறப்பு ஓரளவு காட்டும். இம்பீட் என்பது காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. காலிலே தளையிடுதல் என்பது அதன் முதற்பொருள். உரோமப் படையினர் தம் மூட்டைமுடிச்சுக்களை ‘இம்பெடிமெந்தா’ என்றனர். சுமையுடைய சேனையும் நகரும், மெல்ல நகரும். ஒப்ஸ்ட்ரக்ட் என்பதோ எதிரே கட்டியெழுப்புதல். ஈண்டுக் கால் கட்டின்றியிருக்க, வழியே அடைபடுகின்றது. ஹிண்டர் பழைய ஆங்கிலச் சொல். ‘பின்’ எனப் பொருள்படும் ‘பிஹைண்ட்’ என்பதன் உறவினது. பின்னே இழுத்து வைத்தலைக் குறிப்பது. எனவே ஒரு தடை காலிலும், ஒன்று எதிரிலும், மற்றொன்று பின்னும் உளதாகின்றது. பிரிவென்ட் இவற்றினின்றும் வேறு. ஏனையவை பெரும்பாலும் செயலை நடக்கவிட்டு இடர்ப்படுத்துவன. இதுவோ நடக்கவே விடாது. முன்னே வருதல் என்னும் அதன் பழம்பொருளை 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திற் காணலாம்.

நம் மாணவர்க்கு ஆடுகளத்து உதாரணமே எளிதில் விளங்கும். 1951 இல் ஓவல் மைதானத்திலே தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஆடிய லென் ஹற்றன், ‘ஒப்ஸ்ட்ரக்டிங் த ஃபீல்ட்’ என்னும் விதியின்படி ஆட்டமிழந்தார். மேலெழுந்த பந்து விக்கெற்றில் வீழாவண்ணம் அவர் மட்டையை வீசினார். பந்தைப் பிடிக்க முயன்ற விக்கெற் காப்பாளர் எண்டீனுக்கு அது இயலாதாயிற்று. ஹற்றன் கருதியது விக்கெற்றைக் காத்தலையே. எனினும் மட்டை குறுக்கிட்டது. கண்ணைக் கூசவைக்கும் வெயிலும் காப்பாளரை ஹிண்டர் செய்தல் கூடும். வெயிலை நடுவர் குற்றஞ் சாட்டுவதில்லை. விதியை வகுத்தோர் ஒப்ஸ்ட்ரக்ட் என்னுஞ் சொல்லைத் தெரிந்தெடுத்தமையின் பொருத்தம் இதுவென்பது எம் கருத்து. (ஆடவர் ரெஸ்ற் ஆட்டங்களில் இவ்வாறு மீண்டுமொருவர் ஆட்டமிழந்தது 2023 இலேதான், பந்தைக் கையாற் தள்ளிய வங்காளதேச வீரர் முஷ்பிகுர் ரஹீம் அவர்.)

எஞ்சியது ஹம்பர். இதன் பிறப்புத் தெளிவாகத் துணியப்படவில்லை. உணவுக் கூடையைக் குறிக்கும் ஹம்பர் வேறொரு சொல். ஒலியொப்புமை கண்டு இரண்டையும் முடிச்சிடல் தவறு. உடலோடு ஒட்டியோ சூழ்ந்தோ இயக்கத்தைச் சிக்கலாக்கும் தடைக்கே இச்சொல் பெரிதும் பொருந்தும்: நனைந்த ஆடை நீந்துவோனை ஹம்பர் செய்யும், சேறான தரை பந்தின்பின் ஓடுவோனையும் அவ்வாறே செய்யும். மேற்கூறிய மாணவனின் மழைக்கும் இச்சொல்லே ஏற்றதாகலாம். ஆட்டம் முற்றாக நின்றிருப்பின் பிரிவென்ட் என்றல் வேண்டும். நின்றதோ இல்லையோ என்பதை அவன் எழுதவில்லை.