டப்பா நூறு, சரக்கு ரெண்டு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கமாக இருக்கும் ஏதாவது ஒரு பெயின்ட் கடைக்குள் நுழையுங்கள். ‘மரத்துக்கு அடிக்க என்ன இருக்கு?’ என்று கேளுங்கள். தரையிலிருந்து கூரை வரை டப்பா அடுக்கியிருக்கும் ஒரு ஷெல்ஃபைக் கை காட்டுவார்கள். நாலைந்து கம்பெனி, ஒவ்வொன்றிலும் நாலைந்து பெயர், அதில் கிளாஸி, மேட், சாட்டின் என்று உட்பிரிவுகள். ‘அடேங்கப்பா, எவ்வளவு சாய்ஸ்!’ என்று தோன்றும்.

இப்போது ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு பாதி பாலியூரித்தேன். கடைக்காரர் பாஷையில் ‘பி.யு.’. மிச்சப் பாதி மெலமைன். மூலையில் தூசு படிந்து கொஞ்சம் என்.சி. லாக்கர் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அவ்வளவுதான். டப்பா நூறு, சரக்கு ரெண்டரை.

“பிரெஞ்ச் பாலீஷ் இருக்கா?”

“அதெல்லாம் இப்ப யார் சார் அடிக்கிறாங்க?”

“சரி, அவலரக்கு?”

“சார், நாட்டு மருந்துக் கடை எதிர் வரிசையில இருக்கு!”

கிண்டலாகச் சொல்கிறார். ஆனால் பாருங்கள், அன்றைய தினத்தில் அவர் சொல்லும் ஒரே உருப்படியான யோசனை அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்று. பி.யு.வைத் திட்டுவது என் வேலையில்லை. சாப்பாட்டு மேஜையில் ரசம் கொட்டும், சூடான பாத்திரத்தை வைப்பார்கள், பையன் காம்பஸ் முனையால் பெயரைச் செதுக்குவான். இதையெல்லாம் தாங்க பி.யு.தான் சரி. பிரெஞ்ச் பாலீஷ் அடித்த மேஜையில் காபி டம்ளரை வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்துவிடும். வெயிலும் மழையும் படுகிற வாசல் கதவுக்கும் அது உதவாது.

ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒரு பூஜை மாடத்துக்கு என்றால்? தாத்தா காலத்துத் தேக்கு பீரோ என்றால்? ஒரே ஒரு ஸ்டூல் என்றால்? பி.யு.வில் பெரும்பாலானவை இரண்டு டப்பாச் சமாச்சாரம். ஒன்றில் பேஸ், இன்னொன்றில் ஹார்ட்னர். இரண்டையும் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே இறுகிக் கல்லாகிவிடும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் பூரா அடிக்கிற பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைக்குட்டை தூசியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது.

அப்புறம் ரிப்பேர். பி.யு.வில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். உப்புத்தாள் போட்டு முழுப் பலகையையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அரக்குப் பாலீஷ் அப்படியில்லை. மேலே புதுப் பாலீஷைத் தொட்டால் பழைய பூச்சு லேசாகக் கரைந்து புதுசோடு ஒன்றாகிவிடும். பஞ்சைத் துணியில் சுற்றி, வட்டம் வட்டமாக மெல்ல ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் இருந்தால், ஐம்பது வருஷ பீரோ ஒரு சாயங்காலத்தில் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடும்.

இதைச் சொல்லாமல், பழைய பிரெஞ்ச் பாலீஷ் மேலேயே ‘பி.யு. அடிச்சிடுங்க சார், லைஃப் லாங்’ என்று விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சாதாரண அரக்கில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு உண்டு. அதன் மேல் பி.யு. ஒட்டாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரே வருஷத்தில் பீரோ கதவு வெயிலில் காய்ந்த முதுகு மாதிரி தோல் உரிந்தது. கடையில் போய்க் கேட்டதற்கு, ‘மரம் சரியில்லை’ என்றார்களாம். மூன்று தலைமுறை உழைத்த தேக்கு!

பிரெஞ்ச் பாலீஷ் என்பது பேர்தான் பிரான்ஸ். உள்ளே இருப்பது ஜார்க்கண்ட். புரசு, இலந்தை மாதிரி மரங்களின் குச்சிகளில் அப்பிக்கொண்டு ஒரு குட்டிப் பூச்சி கசிய விடும் பிசின்தான் அரக்கு. புரசைவாக்கத்துக்குப் பேர் கொடுத்த அதே புரசு. குச்சியோடு இருந்தால் கொம்பரக்கு. உருக்கி, வடிகட்டி, தகடாக இழுத்து நொறுக்கினால் அவல் மாதிரி இருக்கும், ஆகவே அவலரக்கு. எவ்வளவு அழகான பெயர்! பாண்டவர்களைக் கொளுத்துவதற்கு துரியோதனன் வீடு கட்டியது இதில்தான். பாகவதர் பாட்டைக் கேட்ட பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளில் பிசினாக இருந்ததும் இதுதான். கீழே விழுந்தால் ஏன் அப்பளமாக நொறுங்கியது என்று இப்போது புரிகிறதா? சில மாத்திரைகளின் மேல்பூச்சும், பளபள சாக்லேட் உருண்டையின் பளபளப்பும் இன்றைக்கும் இதே பூச்சியின் உபயம். இதற்கென்றே ராஞ்சி பக்கம் நாம்கும் என்ற ஊரில் 1924-ல் வெள்ளைக்காரன் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தான். அரக்கு உற்பத்தியில் உலகத்தில் முன்வரிசையில் இருக்கும் நாடு நம்முடையது. நம் ஊர்ப் பெயின்ட் கடையில்தான் அது இல்லை.

ஏன் இல்லை?

மரமே குறைந்துவிட்டது என்பது முதல் காரணம், நியாயமான காரணமும்கூட. பிளைவுட் மேல் சன்மைக்கா ஒட்டிவிட்டால் பாலீஷுக்கு வேலையில்லை. ஜன்னல் யு.பி.வி.சி., பாத்ரூம் கதவு பிளாஸ்டிக். வாசக்காலுக்கு மட்டும் தேக்கு, அதுவும் மஞ்சள் குங்குமம் வைப்பதற்காக.

இரண்டாவது, வியாபாரம். பி.காம். படித்தபோது ‘ஸ்டாக் டர்ன்ஓவர்’ என்று ஒரு கணக்குப் போடச் சொல்வார்கள். போட்ட முதல், வருஷத்தில் எத்தனை தடவை சரக்காகப் போய்ப் பணமாகத் திரும்புகிறது என்பது. இரண்டடி ஷெல்ஃபில் வாரம் இருபது போகிற டப்பாவை வைப்பதா, மாசம் ஒன்று போகிற பாலீஷ் பாட்டிலை வைப்பதா? கரைத்த அரக்கு வேறு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கெட்டுப் போகும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கு தானாக ஒன்றும் இப்படி விழவில்லை. டப்பாவுக்குள் பெயின்டருக்கு டோக்கன் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். இப்போது செல்போனில் கோடு ஸ்கேன் செய்தால் பாயின்ட். உங்கள் கதவுக்கு எது நல்லது என்று உங்களிடம் சொல்கிறவருக்கு, எதைச் சொன்னால் பாயின்ட் ஏறும் என்பதும் தெரியும். பூச்சியிடம் டோக்கன் கிடையாதே!

மேல்மட்டத்திலும் இதே சண்டைதான். 2024 பிப்ரவரியில் பிர்லா ஓபஸ் என்று ஒரு பெரிய கை சந்தைக்குள் வந்தது. தன் சரக்கை வைக்கவிடாமல் ஏஷியன் பெயின்ட்ஸ் டீலர்களை நெருக்குகிறது என்று அதன் தாய்க் கம்பெனியான கிராசிம் புகார் கொடுக்க, 2025 ஜூலையில் காம்பெடிஷன் கமிஷன் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஏஷியன் பெயின்ட்ஸ் அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனது. விசாரணை உத்தரவு என்பது தீர்ப்பு இல்லை, யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதுமில்லை. அதே 2025-ல் டூலக்ஸ் விற்கிற ஆக்ஸோ நோபல் இந்தியாவை வாங்குவதாக ஜே.எஸ்.டபிள்யூ. அறிவித்தது. பேப்பரில் இதையெல்லாம் படித்தால் போட்டி அதிகமாகிறது, நமக்கு நல்லது என்று தோன்றும். விலையில் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எல்லாரும் சண்டை போடுவது அதே இரண்டடி ஷெல்ஃபுக்காக, அதே ரெண்டு சரக்கை வைப்பதற்காக.

மூன்றாவது காரணத்தைப் பற்றி ஜாக்கிரதையாகத்தான் எழுத வேண்டும். அதில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

அரக்கு தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில்தான் கரையும். ஸ்பிரிட் என்றால் குடிக்க முடியாதபடி விஷம் கலந்த ஆல்கஹால். ‘குடிக்க முடியாதபடி’ என்பது சட்டத்தின் நம்பிக்கை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்தார், பிறகு அது மாகாணம் முழுக்க வந்தது. ஆட்கள் வார்னிஷைத் தேடிப் போனார்கள். விளைவு, 1959-ல் ஒரு விதிமுறை. அதன் தலைப்பிலேயே ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் இரண்டோடு சேர்த்து ‘வார்னிஷ், பிரெஞ்ச் பாலீஷ்’ என்றும் இருக்கிறது! மர பீரோவுக்குப் பூசுகிற ஒரு சமாசாரம் சாராயத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது இப்படித்தான். லைசென்ஸ், ரெஜிஸ்டர், இன்ஸ்பெக்‌ஷன். ‘எதுக்கு வம்பு’ என்று சின்னக் கடைக்காரர் ஒதுங்குவதில் ஆச்சரியமில்லை.

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் இருபதுக்கும் மேல் சாவு. 2024 ஜூனில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். இரண்டிலும் மெத்தனால். அதே ஜூன் மாதம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை, பத்து லட்சம் அபராதம் என்று கடுமையாக்கினார்கள். கண் போய், உயிர் போய்க் கிடந்தவர்களைப் பார்த்த பிறகு இதை யார் குறை சொல்ல முடியும்? நான் சொல்லவில்லை.

ஆனால் அதே கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறோம். ஒரு கையால் மரவேலைக்காரருக்கு சர்ட்டிஃபிகேட், இன்னொரு கையால் அவர் தொழிலுக்கு வேண்டிய ஒரு பொருளுக்குப் பூட்டு. பூட்டு வேண்டியதுதான். நியாயமாகக் கேட்கிறவருக்குத் திறக்கிற சாவி எங்கே? அரை லிட்டர் பாட்டிலில், உள்ளே இருப்பது எத்தனாலா மெத்தனாலா என்று தமிழில் அச்சடித்து, சீல் வைத்து, ஆதாரைக் காட்டி வாங்கிப் போ என்று ஒரு ஏற்பாடு செய்ய முடியாதா? செய்யாததால் என்ன ஆகிறது? லேபிள் இல்லாத கேனில் வருவதை வாங்குகிறார்கள். மெத்தனால் குடித்தால்தான் விஷம் என்று நினைக்காதீர்கள். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். மூடிய அறையில் நாள் முழுக்க வெறுங்கையால் பஞ்சு ஓட்டுகிற பாலீஷ்காரருக்கு அது மெதுவான கள்ளச்சாராயம்.

சரி, புலம்பியது போதும். நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

நாட்டு மருந்துக் கடை என்றேனே, கிண்டல் இல்லை. திருவண்ணாமலை மாதிரி கோயில் ஊரில் நல்ல நாட்டு மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. கொம்பரக்கு சித்த வைத்தியத்தில் மருந்து, ஆகவே அங்கே கேட்டால் முழிக்க மாட்டார்கள். தேன்மெழுகும் கிடைக்கும். நூறு கிராம் தேன்மெழுகை வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளிக் கொண்டுபோய், முந்நூறு மில்லி டர்பன்டைனைக் கலக்குங்கள். ஆறினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். பூஜை மாடம், ஊஞ்சல் பலகை, போட்டோ ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் துணியால் தேய்க்கலாம். தண்ணீர் தாங்காது, ஆனால் மங்கினால் மறுபடி தேய்க்க ஐந்து நிமிஷம்தான். பெயின்ட் கடை டர்பன்டைன் பெரும்பாலும் பெட்ரோலியம், பைன் மரத்து எண்ணெய் இல்லை. இதற்கு அது போதும்.

அவலரக்கே வேண்டுமென்றால் சென்னைக்குப் போகும்போது பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகளில் விசாரியுங்கள். ரெடிமேட் பாலீஷ் என்றால் லைசென்ஸ் உள்ள கடையில், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பிசுபிசுத்தால் பழசு. கதவில் அடிக்காதீர்கள். சொப்புச் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னபட்டணா பொம்மையில் அரக்கைக் கடைசல் சுழலும்போதே அழுத்திப் பிடித்து, உராயும் சூட்டில் உருக்கி ஏற்றுகிறார்கள். ஸ்பிரிட்டே வேண்டாம்.

கூரைச் சட்டம், மாட்டுக்கொட்டகை மரம் என்றால் பண்ருட்டி பக்கத்து முந்திரிக்கொட்டை எண்ணெய் இருக்கிறது. கறுப்பாக, அழுக்காக இருக்கும், ஆனால் கரையான் கிட்ட வராது. படகுக்கே பூசுவார்கள். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறை கட்டாயம்.

வெளிக்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில். டபுள் பாயில்டு என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். கண்ணாடியில் மெல்லிசாகத் தடவி வையுங்கள். நல்ல பாயில்டு ஆயில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்து சவ்வு மாதிரி ஆகும். மூன்றாம் நாளும் வழவழவென்று இருந்தால் மினரல் ஆயில் கலந்திருக்கிறது, பாட்டிலோடு திருப்பிக் கொடுங்கள்.

தடவி முடித்ததும் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.