நோய் வருவது வீட்டிலிருந்தா, வயலிலிருந்தா?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தையின் சளியில் பூஞ்சை வளர்ந்திருப்பதாக ஆய்வக அறிக்கை வந்ததும் பெற்றோர் மனத்தில் எழும் முதல் கேள்வி, "இது எங்கிருந்து வந்தது?" என்பதுதான். குளியலறைச் சுவரின் கறுப்புக் கறை, ஜன்னலோரப் பூந்தொட்டி, பக்கத்துப் பண்ணை என்று வரிசையாகச் சந்தேகம் விழும். வீடு மாறலாமா என்றுகூட யோசிப்பார்கள். இந்நோய் மிகுதியாக உள்ள ஐரோப்பாவில், வாழும் சூழலுக்கும் நுரையீரல் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பைப் பல குழுக்கள் ஆராய்ந்திருக்கின்றன. அந்த ஆய்வுகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எடைபோட, இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். பூஞ்சை எங்கிருந்து வருகிறது? வந்தது ஏன் தங்குகிறது? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இத்துறையின் பெருங்குறை.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான். மக்கும் இலைதழை உள்ள இடமெல்லாம் அது பிறக்கிறது. நாம் எல்லோரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறோம். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் சளியோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு, சி.எஃப்.டி.ஆர். மரபணு பழுதாகிச் சளி கெட்டிப்பட்டு நகர மறுப்பதால் வித்து அங்கேயே முளைக்கிறது. சிலருக்கு அது சும்மா இருக்கும். ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பேருக்கு ஏ.பி.பி.ஏ. என்ற ஒவ்வாமை நோயாக மாறி, மூச்சுக்குழாயையே சிதைக்கும்.

முதல் கேள்விக்கு இன்று உறுதியான விடை உண்டு. அதைத் தந்தது மரபணுத் தொகுதி ஆய்வு. இந்தப் பூஞ்சைக்குத் தரும் அசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு இரு வழிகளில் உருவாகலாம்: நீண்ட காலம் மருந்து உண்ணும் நோயாளியின் நுரையீரலுக்குள்ளேயே தோன்றலாம், அசோல் பூஞ்சைக்கொல்லி தெளித்த மண்ணிலும் உரக்குவியலிலும் தோன்றிக் காற்றில் வரலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நோயாளிகளிடமும் சூழலிலும் எடுத்த 218 பூஞ்சைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு, 2022இல் நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சில நோயாளிகளிடம் கிடைத்த எதிர்ப்புப் பூஞ்சையும் வெளிச்சூழலில் கிடைத்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சூழலிலிருந்து மனிதருக்குத் தொற்று வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் குறிப்பிட்ட வீடுதான் காரணம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

அப்படிச் சொல்ல முயலும் ஆய்வுகள்தான் தடுமாறுகின்றன. வீட்டுக் காற்றில் வித்து மிகுந்தால் நோய் மிகுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சில பத்து வீடுகளை வைத்துக்கொண்டு, ஓரிரு முறை மாதிரி எடுக்கிறார்கள். வித்துகளின் எண்ணிக்கையோ பருவத்துக்குப் பருவம், ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தும்கூட மாறும். ஒரு நாளின் காற்று ஓராண்டின் சுவாசத்தைப் பிரதிபலிக்காது. தூசி படியும் மின்னேற்றத் துணியைப் பல வாரம் வீட்டில் வைத்து, அதில் சேர்ந்த பூஞ்சையின் டி.என்.ஏ.வை அளக்கும் பிரெஞ்சு முறை இதைவிட நம்பகமானது. நகரம், கிராமம் என்று முகவரியை மட்டும் வைத்துப் பிரிக்கும் ஆய்வுகளை நான் அதிகம் மதிப்பதில்லை. கிராமத்தில் இருப்பவர் மாட்டுத்தொழுவத்தை எட்டிக்கூடப் பார்க்காதவராக இருக்கலாம். நகரவாசி வாரந்தோறும் தோட்டத்தில் மக்கு உரம் கிளறுபவராக இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் கண்ட குடும்பம் ஏற்கெனவே சுவரைத் துடைத்து, தொட்டிகளை வெளியேற்றியிருக்கும். பிறகு அந்த வீட்டை அளந்தால் நோயுள்ள வீடு நோயில்லாத வீட்டைவிடச் சுத்தமாகத் தெரியும். வயது, நீண்டகால ஆன்டிபயாடிக், மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு ஆகியவையும் பூஞ்சை தங்குவதோடு தொடர்புடையவை. இவற்றைக் கழிக்காமல் வீட்டின் மேல் பழி போடுவது நியாயமல்ல.

'பூஞ்சை' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்குவதும் தவறு. எங்கும் நிறைந்திருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸை விட்டுத் தப்ப முடியாது. ஆனால் ஸ்கெடோஸ்போரியம் என்ற இன்னொரு பூஞ்சையின் கதை வேறு. ஆஸ்திரியாவிலும் நெதர்லாந்திலும் மண்ணை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அது தொழிற்பகுதி மண்ணிலும் நகரப் பூங்காக்களிலும் வயல்களிலும் மிகுதியாகக் கிடைத்தது. காடுகளில் அரிதாகவே இருந்தது. மனிதக் கை பட்ட மண்ணே அதன் வீடு. இயற்கையான இடம் என்றால் ஆபத்து, கான்கிரீட் நகரம் என்றால் பாதுகாப்பு என்ற எளிய எண்ணம் இங்கே கவிழ்கிறது. வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் வேகமாக வளரும் பூஞ்சைகள் ஸ்கெடோஸ்போரியத்தை மூடிவிடுவதால், தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஊடகம் இல்லாத ஆய்வகம் 'இல்லை' என்று சொன்னால் அதை அப்படியே ஏற்க முடியாது.

எக்ஸோஃபியாலா டெர்மடிடிடிஸ் என்ற கறுப்பு ஈஸ்ட்டுக்குச் சூடும் ஈரமும் பிடிக்கும். 18 நாடுகளில் 189 பாத்திரம் கழுவும் இயந்திரங்களின் கதவு ரப்பரைச் சோதித்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, 62 விழுக்காட்டில் பூஞ்சை இருந்ததாகவும் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எக்ஸோஃபியாலா இனங்கள் இருந்ததாகவும் சொன்னது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக்கின. ஆனால் ரப்பரில் இருப்பது வேறு, அங்கிருந்து நுரையீரலுக்குப் போனது என்று நிறுவுவது வேறு. அந்த இரண்டாவது படியை இந்த ஆய்வு ஏறவில்லை.

பூஞ்சை ஏன் தங்குகிறது என்ற கேள்விக்கு நுரையீரலே முதன்மையான சாட்சி. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மூன்று மருந்துக் கூட்டு (எலெக்ஸாகாஃப்டர், டெஸாகாஃப்டர், ஐவாகாஃப்டர்) வந்தபின், அதை உண்பவர்களின் சளியில் ஆஸ்பெர்ஜில்லஸ் கிடைப்பது குறைந்திருக்கிறது. அவர்கள் வீடோ காற்றோ மாறவில்லை. சளி இளகியது, அவ்வளவே. சளியே வராதவரிடம் பூஞ்சையைத் தேடுவது கடினம் என்பதால் இந்தக் குறைவில் ஒரு பங்கு மாயமாக இருக்கலாம். அதைக் கழித்தாலும் திசை தெளிவாகவே இருக்கிறது.

ஆகவே குடும்பங்களுக்கு என் தீர்ப்பு இது. மக்கு உரம் கிளறுவது, பூசணம் பிடித்த வைக்கோல், வீட்டை இடித்துக் கட்டும் தூசி ஆகியவற்றிலிருந்து நோயாளி விலகியிருக்க வேண்டும். அங்கே வித்துகள் மேகமாக எழும். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அடைக்க வேண்டும். தொட்டி மண்ணில் இந்தப் பூஞ்சைகள் வாழ்வதால் படுக்கையறையில் தொட்டி வேண்டாம். இவற்றுக்கு உயிரியல் அடிப்படை உண்டு, செலவும் குறைவு. வீடு மாறுவதற்கும் குழந்தையின் விளையாட்டைத் தடுப்பதற்கும் இன்றுள்ள சான்று போதாது. தான் சரியாகத் துடைக்காததால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று ஒரு தாய் நம்பினால், அந்தக் குற்ற உணர்வை அறிவியல் அவர் மேல் சுமத்தவில்லை என்பதை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பொறுப்பைக் கேட்க வேண்டிய சூழல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஐரோப்பாவில் 2010 முதல் 2021 வரை மனித மருத்துவம் அல்லாத பயன்பாட்டுக்கு விற்ற அசோல் சுமார் 1,20,000 டன். ஏறக்குறைய எல்லாம் பயிர்களுக்கு. இந்தியாவிலும் அசோலை எதிர்க்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் நெல்வயல் மண்ணிலும் தேயிலைத் தோட்டத்திலும் கிடைத்ததாக 2012இல் பதிவானது. எந்தத் தாயும் துடைத்து நீக்க முடியாத மாசு இது. அசோல் பலிக்காதவர்களுக்காக ஓலோரோஃபிம் என்ற புது மருந்தைச் சோதித்து வருகிறார்கள்; ஸ்கெடோஸ்போரியத்தையும் அது தாக்கும். அது நோயாளிகளுக்குக் கிடைக்கும் முன்பே, பூஞ்சையின் அதே நொதியைக் குறிவைக்கும் இப்ஃப்ளூஃபெனோகுவின் என்ற பயிர் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு எதிர்ப்புப் பெற்ற ஆஸ்பெர்ஜில்லஸ் மற்றதையும் தாங்குவதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. வேளாண் அனுமதிக் கோப்பு நகரும் மேசையில் மருத்துவப் பூஞ்சையியலாளருக்கும் ஒரு நாற்காலியும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் தர வேண்டும்.