மின்கித்தாரில் மூலபாடமும் இடைச்செருகலும்: ஆர்வலர்தம் மதிப்பீட்டு முறை குறித்து ஒரு திறனாய்வு

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் மூலபாடம், பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகிய சொற்களை நன்கறிவர். ஏடெழுதியோரின் கைபட்டுத் திரிந்தவற்றை நீக்கி, நூலாசிரியர் எழுதிய பாடத்தை இயன்றவரை மீட்பது பதிப்பாசிரியரின் பணி. இதே வேட்கை ஏட்டோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு துறையில் ஆழ வேரூன்றியிருப்பதைக் காண்கிறோம். மின்கித்தாரை வாங்கிச் சேர்ப்போரும், அதன் உறுப்புகளைத் தேர்ந்து பொருத்துவோரும், ஒரு கருவியின் உயர்வு தாழ்வை அளக்கும்போது முதலில் எழுப்பும் வினா அது எவ்வாறு ஒலிக்கிறது என்பதன்று. தொழிற்கூடத்தை விட்டு வந்த நாளில் இருந்தவாறே இன்றும் இருக்கிறதா என்பதே அவர்களது முதல் வினா. திருகாணி மாறியிருந்தால் ஒரு விலை. பற்றவைத்த ஈயம் கலைந்திருந்தால் வேறு விலை.

இம்மதிப்பீட்டு முறை எங்ஙனம் தோன்றியது, எதனை மறைக்கிறது என்பனவே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். மின்கித்தாரின் வரலாற்றில் சிறந்தவை எனப் போற்றப்படும் பல கருவிகள் மூலபாடத்தால் சிறந்தவையல்ல, இடைச்செருகலால் சிறந்தவை என்பது எமது துணிபு.

முதலில் கருவியின் உயிர்நிலையைச் சுருக்கமாக நோக்குவோம். மின்கித்தாரின் ஒலி 'பிக்கப்' எனப்படும் சிறு உறுப்பில் பிறக்கிறது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றி அமைத்தது அது. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் மின்னோட்டம் எழும். அதனை ஒலிபெருக்கி ஓசையாக்கும். ஜார்ஜ் பொசாம்ப் வடிவமைத்து 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கருவி இம்முறையை நிலைநாட்டியது. வாணலி போன்ற தோற்றத்தால் அதற்கு 'ஃபிரையிங் பேன்' என்றே பெயர் அமைந்தது. ஆயினும், தந்தியின் அதிர்வோடு சுற்றுப்புற மின்சாரத்தின் இரைச்சலையும் அச்சுருள் வாங்கிக்கொண்டது. இதற்குத் தீர்வு கண்டவர் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர். ஒன்றற்கொன்று எதிராகக் காந்தம் அமைந்த இரு சுருள்களை அவர் இணைத்தார். இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொண்டது, தந்தியின் ஒலி வலுத்தது. இதுவே 'ஹம்பக்கர்'. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. 1957 முதல் அந்நிறுவனத்தின் லெஸ் பால் கித்தார்களில் இவ்வுறுப்பு இடம்பெற்றது.

'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் பொறித்த சிறு ஒட்டுத்தாள் இவற்றின் அடியில் இருந்தது. அத்தொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'பி.ஏ.எஃப்.' என இவ்வுறுப்பை வழங்குவர். ஆர்வலர் உலகில் இதற்கு ஈடான புனிதப்பொருள் வேறில்லை எனலாம். இதன் உள்ளமைப்பை ஆராய்வோர் காணும் முதற்செய்தி, இரண்டு பி.ஏ.எஃப்.கள் ஒன்றுபோல் இரா என்பதே. ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று என்பது கணக்கு. ஆனால் சுற்றுவோரின் கவனத்தைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் போயிற்று. காந்தமும் கையில் கிடைத்த வகையைக் கொண்டே பொருத்தப்பட்டது. இதனால் ஒன்று கூர்மையாகவும் மற்றொன்று தடித்தும் ஒலித்தன. 1959ஆம் ஆண்டளவில் கம்பி சுற்றும் நெகிழிச் சட்டத்திற்குக் கறுப்பு நிறப் பொருள் தட்டுப்படவே வெளிர்மஞ்சள் நிறத்தைப் பயன்படுத்தினர். உலோக மூடிக்குள் மறைந்திருந்தமையால் நிறத்தைப் பற்றி எவரும் அன்று கவலைகொண்டிலர். பின்னாளில் இசைஞர்கள் மூடியைக் கழற்றியபோது அந்நிறம் வெளிப்பட்டது. இன்று இரு சட்டமும் வெளிர்மஞ்சளாக அமைந்த பிக்கப் கறுப்பைக் காட்டிலும் மிகுந்த விலை பெறுகிறது. ஒலிக்கும் இந்நிறத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதனினும் விந்தை ஒன்றுண்டு. காப்புரிமை கிடைத்த சில ஆண்டுகளுக்குப் பின் ஒட்டுத்தாளில் எண் அச்சிடப்பட்டது. அவ்வெண் சேத் லவரின் பிக்கப்புக்கு உரியதன்று, லெஸ் பால் பெற்ற தந்திதாங்கிக்கு உரியது. தவறான அவ்வெண்ணைத் தாங்கிய ஒட்டுத்தாளும் இன்று உண்மைத்தன்மைக்குச் சான்றாக ஆராயப்படுகிறது!

ஏடெழுதுவோரின் எழுத்துப்பிழையை வைத்து ஏட்டின் காலத்தையும் வழிமுறையையும் கணிப்பது பதிப்புக்கலையில் ஏற்புடைய நெறி. ஆர்வலரும் இதனையே செய்கின்றனர், அதில் குறைகாண்பதற்கில்லை. ஆனால் காலத்தைக் காட்டும் பிழை, கவிதையின் அழகாகிவிடாது. பிழையுள்ள ஏடு பழமையானது என்று சொல்வது ஒன்று. பிழையிருப்பதால் பாட்டு இனிக்கிறது என்பது மற்றொன்று. வெளிர்மஞ்சள் சட்டத்தின் விலை இவ்விரண்டையும் குழப்பியதன் விளைவேயாகும்.

இனி இடைச்செருகலுக்கு வருவோம். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்ய மூன்று நிலை கொண்ட விசை வைக்கப்பட்டது. இசைஞர்களோ அவ்விசையை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்களையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தனர். உருவாக்கியோர் எண்ணியிராத, சற்றே உட்குழிந்த, மணிபோன்ற ஓசை பிறந்தது. ஐந்து நிலை விசையை நிறுவனம் 1977இல்தான் பொருத்தியது. இன்று ஸ்ட்ராடோகாஸ்டரின் தனிக்குரல் என அறியப்படுவனவற்றுள் இவ்விடைநிலை ஓசைகள் முதன்மையானவை. உரையாசிரியர் கூறியது மூலத்திற்குள் புகுந்து மூலமாகவே நிலைத்துவிட்டது போன்றது இது.

பீட்டர் கிரீனின் லெஸ் பால் கித்தார் இன்னும் தெளிவான சான்று. அதன் ஒரு பிக்கப்பில் காந்தம் முன்பின்னாக மாறியிருந்தமையால், இரு பிக்கப்களும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றையொன்று ஓரளவு அழித்து மெலிந்த, மூக்கொலி கலந்த ஓசையைத் தந்தன. தொழில்நுட்ப நோக்கில் இது ஒரு கோளாறு. அக்கருவி பின்னர் கேரி மோரிடமும், 2014இல் கர்க் ஹாமெட்டிடமும் சேர்ந்தது. எவரும் காந்தத்தைத் திருப்பவில்லை. மாறாக, காந்தத்தை வேண்டுமென்றே திருப்பி அமைத்த பிக்கப்களைப் பல நிறுவனங்கள் இன்று விற்கின்றன. பிரையன் மே 1963இல் தம் தந்தையோடு சேர்ந்து கட்டத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்' வேறொரு வகை. பழைய கணப்படுப்பின் மரம், மோட்டார்சைக்கிளின் சுருள்வில், பின்னல் ஊசியின் முனை ஆகியன அதன் உறுப்புகள். தாமே சுற்றிய பிக்கப்களை முதலில் வைத்தார். தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கையில் வேண்டா ஓசை எழுந்தமையால் அவற்றை அகற்றி பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்களைப் பொருத்தினார். மூன்று பிக்கப்களுக்கும் தனித்தனியே இயக்கும் விசையும் அலைதிருப்பும் விசையும் அமைத்தார். இங்கே ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அக்காரணம் செவியிலிருந்து பிறந்தது.

'கஸ்டம்' என்னும் சொல் ஒருகாலத்தில் இதனையே குறித்தது: வாசிப்பவர் தம் தேவைக்கேற்பச் செய்வித்துக்கொள்வது. (கிப்சன் தனது சில கித்தார்களில் தந்திதாங்கியை மாற்றிப் பொருத்தியபோது, பயனற்றுப்போன துளைகளை மூட 'கஸ்டம் மேட்' என்று பொறித்த தகட்டை ஒட்டி அனுப்பியது. சொல்லின் பிற்கால வாழ்வை அத்தகடு முன்னறிந்தது போலும்.) எடி வான் ஹேலன் குறைந்த விலைக்கு வாங்கிய உடற்பகுதியில் கிப்சன் கித்தாரினின்று கழற்றிய ஹம்பக்கரைத் தாமே குடைந்து பொருத்தினார். ஃபெண்டரின் வடிவமும் கிப்சனின் ஓசையும் ஒரே கருவியில் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அப்படி ஒன்று கடையில் கிடைக்கவில்லை. 1978இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தொகுப்பில் இக்கருவி ஒலித்தது. 2007இல் இதன் நகல்கள் 300 செய்யப்பட்டு, ஒன்று ஏறத்தாழ 25,000 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. மூலக்கருவியில் அவர் திருகிவைத்த 1971ஆம் ஆண்டின் கால்டாலர் நாணயமும், சிகரெட்டுத் தீப்பட்ட வடுவும் நகலில் தவறாது இடம்பெற்றன. நூலகத்து ஏட்டின் செல்லரித்த துளையையும் படியெடுப்பதற்கு நிகரான செயல் இது. ஃபெண்டர் நிறுவனம் 1995இலேயே 'ரெலிக்' என்னும் பெயரில் புதுக்கித்தாரின் வண்ணத்தைத் தேய்த்து, உலோகத்தில் துருவேற்றி விற்கத் தொடங்கியிருந்தது. வாசிப்பின் விளைவாக நேரவேண்டிய தேய்மானம் வாசிப்பதற்கு முன்பே விலைக்குக் கிடைக்கிறது.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். பழங்கருவியை வரைமுறையின்றிக் குடைந்து சிதைத்தமையால் வரலாற்றுச் சான்றுகள் பல அழிந்தன என்பர். 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட வண்ணச்சாயல் லெஸ் பால் கித்தார்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. அவற்றுள் ஒன்றைக் குடைவது அறமாகாது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் சந்தை அக்கொள்கையை நேர்மையாகக் கடைப்பிடிப்பதில்லை. பெயரறியா ஒருவர் பிக்கப்பை மாற்றினால் கருவியின் விலை வெகுவாகக் குறைகிறது. டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டரிலோ பிக்கப் மாற்றப்பட்டது, கழுத்து மாற்றப்பட்டது, சிறு விசை சேர்க்கப்பட்டது. 2019இல் நியூயார்க் ஏலத்தில் அது 3,975,000 டாலருக்குப் போயிற்று. எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' மூன்று கித்தார்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது. 2004இல் 959,500 டாலர். செருகியவர் யார் என்பதைப் பொறுத்தே செருகல் குற்றமாகவோ பேறாகவோ ஆகிறது. இதனை மூலபாடப் பற்று என்று அழைப்பதினும் ஆசிரியர்ப் பெயர்ப் பற்று என்று அழைப்பதே பொருந்தும்.

ஆர்வலர்தம் சொல்லாட்சியையும் ஒரு சொல் கூறியாக வேண்டும். 'வெதுவெதுப்பு', 'கண்ணாடித்தன்மை', 'சேற்றுத்தன்மை' எனத் தொடுபுலனும் கட்புலனும் கலந்த சொற்களால் ஓசையை விவரிப்பது அவர்தம் வழக்கம். இசைத்திறனாய்வில் இது தவிர்க்கவொண்ணாதது. நம் இலக்கண நூலாரும் ஓசையை வன்மை, மென்மை என்றே வகுத்தனர். குறை சொற்களில் இல்லை. அவற்றை ஒரே உறுப்பின் மீது ஏற்றுவதில்தான் உள்ளது. சுருள், ஒலியளவுத் திருகு, கருவியையும் ஒலிபெருக்கியையும் இணைக்கும் வடம் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்று. வடத்தை நீட்டினாலே பிக்கப்பின் கூர்மை மழுங்கும். காந்த வகையைப் பற்றி நாள்முழுதும் வாதிடுவோர் வடத்தின் நீளத்தைக் குறிப்பிடுவது அரிது. வயலின் துறையில் 2010இல் 21 கலைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. எக்கருவி என்றறியாமல் வாசித்தபோது பழம்பெரும் இத்தாலியக் கருவிகளைப் புதியனவற்றினின்று அவர்களால் நம்பத்தக்க வகையில் பிரித்தறிய இயலவில்லை. கித்தார் ஆர்வலர் இத்தகைய சோதனைக்குப் பெரிதும் முன்வருவதில்லை. பெயரைக் கண்ட பின் கேட்கும் செவி, பெயரையே கேட்கிறது.

தமிழிசைக்கு அருகிலிருந்தே ஒரு சான்றைக் காட்டலாம். மின்கித்தாரில் பெயர்பெற்றிருந்த ஜான் மெக்லாஃப்லின், எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். 'சக்தி' குழுவுக்காக அவர் செய்வித்த மின்னில்லாக் கித்தாரில், மெட்டுகளுக்கு இடையேயுள்ள மரம் குடையப்பட்டது. சுருதிக்கென ஏழு துணைத்தந்திகள் குறுக்கே கட்டப்பட்டன. தந்தியை ஆழ அழுத்திக் கமகம் பிறப்பிக்க வேண்டும் என்னும் இசைத்தேவை கருவியின் உடலை மாற்றியது. 2000ஆம் ஆண்டளவில் மறுவடிவம் பெற்ற அக்குழுவில் சேர்ந்த யூ. ஸ்ரீனிவாஸ் இதனினும் துணிந்தவர். மேண்டலின் இயல்பாகவே நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் கொண்டது. இணைத்தந்தியில் கமகம் அமைவது கடினம். அவர் அதனைத் தனித்தந்திகள் ஐந்தாக்கினார். மின் பிக்கப் பொருத்திய கருவியில் நாதத்தை நீட்டினார். இங்கு மூலபாடம் எது? நான்கு இணைத்தந்தி கொண்ட இத்தாலியக் கருவியா, 2014இல் மறையும்வரை அவர் கையிலிருந்த ஐந்து தந்திக் கருவியா? அவர் தம்பி யூ. ராஜேஷ் இன்றும் வாசிப்பது ஐந்து தந்தி மின்மேண்டலினையே.