சுவரைத் துளைத்த ஒளி

வறுமையிலும் கல்வியைக் கைவிடாத மாணவனைப் பாராட்டச் சீனரிடையே நான்கே எழுத்துக்களாலான பழமொழியொன்று வழங்குகிறது. 'சுவரைத் துளைத்து ஒளியைத் திருடுதல்' என்பது அதன் பொருள். அது பிறந்த இடத்தைத் தேடிச் செல்வோமாயின், தன் கதையில் பாதியை மட்டுமே அது நமக்குச் சொல்கிறது என்பது புலனாகும்.

கதையின் தலைவர் குவாங் ஹெங். கி.மு. முதல் நூற்றாண்டில் மேலை ஹான் பேரரசில் வாழ்ந்தவர். விளக்கேற்ற வழியில்லாத அவர், அண்டை வீட்டின் ஒளி தம் இல்லத்தை எட்டுமாறு சுவரிலே துளையிட்டு, அவ்வொளியில் நூலைப் பிடித்துப் படித்தார் என்று 'மேலைத் தலைநகர்க் குறிப்புகள்' என்னும் பிற்காலத் தொகுப்பு கூறுகிறது. அதற்கு முன்னரே, கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு எழுதிய 'ஹான் வரலாறு', அவர் உழவர் குடியிற் பிறந்து, கூலி வேலை செய்து பயின்றார் என்கிறது. சுவரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, உழைப்பு வரலாறு தரும் செய்தி. துளை கதை தரும் செய்தி.

அக்கதையிலும் 'திருடினார்' என்ற சொல் இல்லை. ஒளியை 'வருவித்தார்' என்றே உள்ளது. திருட்டு என்பது பழமொழி சேர்த்த சுவை. அண்டை வீட்டாருக்குக் குறைவேதும் நேராதபோது அதனைத் திருட்டென்பது எங்ஙனம் பொருந்தும்?

கதையின் பிற்பகுதி இன்னும் அரியது. அவ்வூரிலே நூல்கள் நிறைந்த செல்வர் வீடொன்றிருந்தது. குவாங் ஹெங் அங்கே ஊதியம் பெறாமல் உழைத்தார். காரணம் கேட்டபோது, "தங்கள் நூல்களையெல்லாம் படிக்க வேண்டும், அதுவே என் விருப்பம்" என்றார். நெகிழ்ந்துபோன செல்வர் நூல்களை வழங்கினார். ஒளி மட்டும் இருந்து, படிக்க நூல் இல்லையேல் பயன் யாது? மாணவனின் முயற்சியைப் போற்றும் பழமொழி, கொடுத்தவரின் கையை மறந்துவிட்டது. வறியவன் தன் முயற்சி ஒன்றினாலேயே உயர்ந்துவிடுவான் என்று எண்ணி நாமும் வாளாவிருக்க அது இடமளிக்கிறது. பழமொழியின் பெருங்குறை இதுவே.

முடிவையும் அது சொல்வதில்லை. கவிதை நூலுக்கு உரை சொல்வதில் புகழ்பெற்ற குவாங் ஹெங், கி.மு. 36இல் பேரரசின் தலைமை அமைச்சரானார். பின்னர், எல்லைக் குறிப்பின் பிழையால் தம் மானியத்தோடு மிகையாகச் சேர்ந்த 400 'சிங்' அளவுள்ள நிலத்தின் வருவாயைக் கைக்கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பெற்று, பதவியிழந்து, சாதாரணக் குடிமகனாக மாண்டார் என்று ஹான் வரலாறு உரைக்கிறது.

ஒளியைப் பெற்றபோது எவருக்கும் இழப்பில்லை. அவரைத் திருடர் என்று பழமொழி விளையாட்டாகச் சொன்னது. நிலத்தைப் பெற்றபோது இழப்பு இருந்தது. அங்கே பழமொழி வாய்மூடி நின்றது. பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்வோர் துளையோடு நிறுத்திவிடாமல், நூல் தந்தவரையும் நிலத்தால் வீழ்ந்தவரையும் சேர்த்தே சொல்லுதல் நலம்.