இரண்டு குணசேகரன்களும் ஒரு தமிழ்ச்செல்வியும்: 2023இன் தொலைக்காட்சி பற்றித் தணிகையடிவாரத்திலிருந்து சில குறிப்புகள்

டிசம்பர் 31 ராத்திரி எங்கள் ஊரில் படித் திருவிழா. மலைக்குப் போகும் 365 படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஜனம் ஏறும். அதே ராத்திரி கீழே வீடுகளில் டிவிப் பெட்டி அந்த வருஷத்தின் சிறந்த நாயகி, சிறந்த மாமியார் என்று பட்டியல் வாசித்துக்கொண்டிருக்கும். நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் இருந்ததில்லை. 1993இல் சன் டிவி வந்தபோதும், 1999இல் ‘சித்தி’ வந்து தெருவே அடங்கிப்போனபோதும், ‘முட்டாள் பெட்டி’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்துகொண்டோம். நானும்தான் எழுதினேன். கோடிக்கணக்கான பெண்கள் தினமும் வாசிக்கிற ஒரு பிரதியை வாசிக்காமலே தீர்ப்புச் சொன்னது விமர்சனம் அல்ல, ஆண் திமிர் என்று இப்போது படுகிறது.

2023ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த வருஷம் ஊரையே பேசவைத்த ‘எதிர்நீச்சல்’ ஜூன் 2024இல் முடிந்து, அதே டிசம்பரில் அதன் தொடர்ச்சியும் ஆரம்பமாகிவிட்டது. அதனால் இப்போதுதான் நிதானமாகப் பேச முடிகிறது.

எங்கே உட்கார்ந்து பார்த்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் லுங்கி நெய்யும் விசைத்தறிகள் அதிகம். அப்படி ஒரு கொட்டகை, சொந்தக்காரருடையது. சுவரில் 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது; டிவிச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? தார் சுற்றிக்கொண்டே, நூல் அறுந்தால் எழுந்து போய் முடிந்துவிட்டு வந்து, பெண்கள் படத்தை மட்டும் பார்ப்பார்கள். தொலைக்காட்சியின் இயல்பே ‘ஓட்டம்’ என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதினார்: நிகழ்ச்சியும் விளம்பரமும் செய்தியும் பிரிக்க முடியாமல் ஒன்றாக ஓடிக்கொண்டிருப்பது. அந்த ஓட்டத்தை இங்கே நூல் அறுக்கிறது.

அந்தக் கொட்டகையில்தான் ஆதிமுத்து குணசேகரனை முதலில் பார்த்தேன், சத்தமில்லாமல். அவருடைய அதிகாரம் முழுக்கக் குரலில் இருக்கிறது. குரலை எடுத்துவிட்டால் வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு மனுஷன், அவ்வளவுதான். பெண்கள் அவருக்கு வசனம் போட்டார்கள். “சோறு ஆறிப்போச்சுன்னு கத்தறான் பாரு” என்றது ஒரு குரல். “இல்லடி, கோமணம் காணோமாம்” என்றது இன்னொன்று. அனுப்புகிறவன் நினைத்தபடியே பெறுகிறவர் வாசிக்க வேண்டியதில்லை என்று ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சிரிப்பு அடங்கியபின் ஒரு அக்கா சொன்னார்: “எங்க வீட்ல இருக்கறவரு இவ்ளோ பேசமாட்டாரு. பேசாமயே செய்வாரு.”

‘எதிர்நீச்சல்’ மீதான என் விமர்சனம் இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஏமாற்றம் என்று சொன்னால் எதிர்பார்ப்பு இருந்தது என்று அர்த்தம். திருச்செல்வம் 2022 பிப்ரவரியில் இதை ஆரம்பித்தபோது அதன் அடிப்படை துணிச்சலானது. படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, பட்டத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, அவர்களை அடுப்படியில் நிறுத்தும் நான்கு அண்ணன் தம்பிகள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. குடும்பம் என்பது பாசக்கூடு அல்ல, கூலியில்லாமல் வேலை வாங்கும் இடம் என்று ஒரு வெகுஜனத் தொடர் தினமும் காட்டியது. மருமகள்கள் ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்காமல் சேர்ந்து நின்றார்கள். சின்ன விஷயமில்லை இது.

ஆனால் தினத்தொடர் தள்ளிப்போடுவதில் உயிர் வாழ்வது. இன்று எடுத்த முடிவு நாளை உடைந்தால்தான் நாளன்றைக்குக் கதை உண்டு. ஆக, கலகம் எப்போதும் நாளைக்குத்தான். எதிர்நீச்சல் என்று பெயர், அடித்த கை அடித்தபடி இருக்க ஆள் நின்ற இடத்திலேயே. இதற்கிடையில் பிரதி யாருக்கு மொழியைக் கொடுத்தது? குணசேகரனுக்கு. சுவையான வசவு, கேலி, பழமொழி எல்லாம் அவர் வாயில். பெண்களுக்குக் கண்ணீரும் நியாயமும். அவருடைய அதட்டல் மீம்ஸ் ஆகி, டீக்கடையில் ஆண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். ஆதிக்கத்தைத் தோலுரிக்கக் கிளம்பிய கதை ஆதிக்கத்துக்கு ஒரு புதுச் சொல்லை வார்த்துக் கொடுத்துவிட்டது.

இதில் மாரிமுத்துவைக் குறைசொல்ல ஏதுமில்லை. ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் ஜோவின் அப்பாவாக வந்தவர் அவர்தான். அங்கே பரியன் கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் அந்த அப்பா நிறுத்தப்படுகிறார். ஒரு சாதிக்காரத் தகப்பனின் தடுமாற்றம் அந்த முகத்தில் தெரிகிறது. சீரியலில் அவரை அப்படி நிறுத்த ஆளில்லை. ஒரே நடிகன், ஒரு பிரதி அவரிடம் கேள்வி கேட்டது, இன்னொன்று அவரை ரசித்தது.

2023 செப்டம்பர் 8இல் மாரிமுத்து இறந்துபோனார். கொட்டகையில் அன்றைக்கு நிஜமாகவே அழுதார்கள். சில வாரம் குணசேகரன் திரையில் இல்லை. அந்த வருஷத்தின் ஆகப்பெரிய வாய்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். தலைவன் இல்லாத வீட்டில் நான்கு பெண்கள் எப்படி எழுந்திருப்பார்கள், என்ன சமைப்பார்கள், சமைக்காமல் விடுவார்களா, பீரோச் சாவி யார் இடுப்பில்? ஒரு நல்ல நடிகரின் சாவு கதைக்குள் திறந்துவிட்ட வெளி இது. எனக்குப் பட்ட வரை, கதை அந்த வெளியில் குடியேறவில்லை. அவர் வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘குற்றப் பரம்பரை’ எழுதிய வேல ராமமூர்த்தி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் மாறியது, குரல் மாறியது, நாற்காலி மாறவில்லை. தந்தையதிகாரம் ஒரு ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று நாம் கட்டுரை கட்டுரையாக எழுதியதைச் சன் டிவி தெரியாமலே நிரூபித்துவிட்டது.

அந்த வருஷத்தின் சிறந்ததற்கு வருகிறேன். 2023 ஜனவரி 26இல் ஜீ5இல் வந்த ‘அயலி’. முத்துக்குமார் இயக்கியது, எட்டே பகுதி. வீரப்பண்ணை என்ற ஊர், புதுக்கோட்டைப் பக்கம், தொண்ணூறுகளின் வாசல். வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடம் நின்றது, கல்யாணம்; மீறினால் அயலி அம்மன் கோபிப்பாள். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்ததை மறைக்கிறாள். உடம்பு என்பது ஊர் எழுதிவைத்த பிரதி என்றால், இந்தப் பெண் அதைத் திருத்தி எழுதுகிறாள். அதைவிட முக்கியம், அம்மா குருவம்மாளும் அந்தப் பொய்க்குள் சேர்ந்துகொள்வது. அபி நட்சத்திராவும் அனுமோளும் அதைச் செய்திருக்கும் விதத்தில் ஒப்பாரி இல்லை, ரகசியத்தின் சந்தோஷம் இருக்கிறது. எட்டோடு முடிகிறது என்பதால் இங்கே கலகம் நாளைக்குத் தள்ளிப்போகவில்லை.

அந்த ஊரின் விதிக்குப் பின்னால் உள்ள புராணத்தைக் கவனியுங்கள்: ஒருத்தி விரும்பியவனோடு போனாள், அம்மன் சபித்தாள். எங்கள் மலையில் இருப்பவனோ தினைப்புனம் காத்த வேடர்குலப் பெண்ணைக் களவில் கூடிக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். கோபம் தணிந்து வள்ளியை மணந்த இடம் தணிகை என்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு அதைக் கும்பிட்டுக் காவடி எடுக்கிற தெருவில், சாதி விட்டுப் போன பெண்ணுக்கு இன்றைக்கும் வீட்டுக்கதவு திறப்பதில்லை. ‘அயலி’ எனக்கு உறைத்தது இங்கேதான். அதன் குறையும் இங்கேதான்: பெண்ணைப் பூட்டுவது சாதியைக் காப்பாற்றத்தான் என்பதைத் தொட்டுவிட்டு விலகிப்போகிறது, சாமியின் பெயரிலேயே கணக்கை முடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, எல்லையோரம். மா.பொ.சி.யும் தோழர்களும் போராடி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாடு பக்கம் வந்தது, மொழியை வைத்து. இன்று எங்கள் தெருவில் பாதி வீடு இரண்டு மொழியும் பார்க்கும். விஜய் டிவியின் ‘சிறகடிக்க ஆசை’ 2023 அக்டோபரில் ஸ்டார் மாவில் ‘குண்டெ நிண்டா குடி கண்டலு’ ஆனது. அதே பூக்காரி, அதே மாமியார். “கத ஒண்ணுதான், அங்க புடவை நல்லாருக்கு” என்கிறார் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மா. ரத்தம் சிந்திப் போட்ட கோட்டை மூலதனம் அழிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சரக்கை விற்க அதுவே வசதி.

கடைசியாக என் பட்டியலின் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றமளித்தது எல்லா வீட்டிலும் கேபிளில் ஓடியது. சிறந்தது சந்தா கட்டியவன் கைபேசியில் இருந்தது, அதாவது என் கையில். தனியாகப் பார்த்துவிட்டு ‘முக்கியமான பிரதி’ என்று நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகுதான் வெட்கமாகி, ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும் நேரத்தில் போனைத் தார்ப்பெட்டிமேல் சாய்த்துவைத்து மூன்று வாரம் போட்டுக் காட்டினேன். ஏழெட்டுப் பேர், கையளவு திரை. தறி ஓடவில்லை என்பதால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. யாரும் வசனம் போடவில்லை. முடிந்ததும் அந்த அக்கா என்னிடம் படத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பத்தாவது முடித்தபின் பெண்பிள்ளைகளுக்கு இங்கே எந்த ஸ்கூலில் சயின்ஸ் குரூப் இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.