கோமரத்தாடியும் கைபேசியும்

செல்போன் வந்து பக்தியைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் எந்தப் பக்தியைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டாக வேண்டும். 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி அறநிலையத் துறைக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 'தூய்மை', 'புனிதம்' என்ற இரண்டு சொற்களின் மேல் அந்த உத்தரவு நிற்கிறது. இந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1939 சூலையில் வைத்தியநாதய்யரோடு தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தபோது குறுக்கே வந்து நின்றவையும் இவைதான். கருவறைக்கு முன்னால் நின்று படம் பிடிப்பவனுக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. அமைதியான, தனித்த, கண்மூடிய கவனம் மட்டும்தான் ஆன்மிகம் என்கிற வரையறை யாருடையது என்பதே என் கேள்வி.

இந்த இடத்தில் நம் சிற்றிதழ்க்காரர்கள் வால்டர் பெஞ்சமினை இழுத்துக்கொண்டு வருவார்கள் (நானும் இழுத்திருக்கிறேன்). கலைப்பொருளின் 'ஒளிவட்டம்' சடங்கில் வேர்கொண்டது, இயந்திரப் பிரதி அதை உதிர்த்துவிடுகிறது என்று 1936இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வாதிட்டது உண்மைதான். ஆனால் அவர் அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. கவனம் சிதறிய கூட்டத்திடமும் ஓர் அரசியல் சாத்தியம் இருப்பதாகப் பார்த்தார். நம்மவர்கள் ஒப்பாரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தவிரவும், படம் வந்தால் தெய்வம் போய்விடும் என்று குற்றாலத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். சித்திரசபையில் நடராசர் ஓவியமாகத்தான் வழிபடப்படுகிறார். ஆக, படம் அல்ல பிரச்சினை.

சிதறலும் அல்ல. இலத்தூரைச் சுற்றி நடக்கும் கொடை எதற்கும் போய்ப் பாருங்கள். ஒலிபெருக்கி, சீரியல் லைட்டு, நையாண்டி மேளம், பந்தலுக்குப் பின்னால் சீட்டாட்டம், சாக்கு விரித்துத் தூங்கும் பிள்ளைகள். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும், பாதிப்பேர் நிலத்தகராறு பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்தச் சிதறல் எல்லாம் ஒன்றுகூடும் நேரம் ஒன்று உண்டு. குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதையில் தெய்வமாகப் போகிறவரின் வன்சாவு நெருங்கும் இடத்தில் சாமியாட்டம் உச்சத்துக்குப் போவதைக் காட்டியிருக்கிறார். புத்தகம் படிக்காமலே எங்க ஊர்க் கிழவிகளுக்கு அது தெரியும். வீசுகோல் அடியில் வில்லின் மணிகள் வேகம் பிடிக்கும், குடம் அதிரும், வரத்துப்பாட்டு தொடங்கும். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புவார்கள். குலவை கிளம்பும். கோமரத்தாடி தானாக ஆடுவதில்லை. கூட்டம் அவரை ஆடவைக்கிறது. கவனம் என்பது இங்கே மனசுக்குள் நடக்கிற அந்தரங்கக் காரியம் அல்ல, வாயாலும் கையாலும் உடம்பாலும் கொடுப்பது. கொடை என்ற சொல்லே அதுதானே. கொடுத்தது வீண்போகாது. திருநீறாக, குறியாக, சமயத்தில் வசவாகவும் கொடுத்தவரிடமே திரும்பி வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் குளத்துக்கரைப் பக்கம் ஒரு மாடன் கோயில் கொடை. வரத்து தொடங்கியதும் கைகள் எல்லாம் மேலே போயின. கும்பிடுவதற்கு அல்ல. என் கையும் அதில் ஒன்று. குலவை நாலைந்து கிழவிகள் வாயில் மட்டும்தான் இருந்தது. போன் பிடித்த கை கும்பிடாது என்பதுகூடப் பெரிதில்லை. போன் பிடித்தவர்களின் வாயும் மூடிக்கொள்கிறது, தன் குரல் வீடியோவில் விழுந்துவிடக்கூடாதாம். "எண்ணே, லைவ் போவுது, மறைக்காதிய" என்றான் ஒரு பையன். அவன் அண்ணன் துபாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அண்ணனின் பக்தியைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பெருங்கோயில்கள் புறக்கணித்த சாமியை உலகம் பார்க்கட்டும் என்ற அந்தப் பையனின் வீம்பும் நியாயமானதே. ஆனால் விடிந்த பிறகு டீக்கடையில் உட்கார்ந்திருந்த கோமரத்தாடி சொன்னார்: "ஆளு இருக்கு, சத்தம் இல்லையே. யாருக்கு ஆடுதோம்னு தெரியல."

யாருக்கு? இதுதான் கேள்வி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு எங்கள் பக்கத்தில் டேட்டா இல்லாத சட்டைப்பை அபூர்வம். விரலால் தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருக்கும் திரையை 2006இல் வடிவமைத்த அசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். நிறுத்துவதற்கு ஓர் இடம் இல்லாதபடி செய்வதுதான் அதன் சூட்சுமம். கொடைக்கோ முடிவு உண்டு. தலைக்கட்டு வரி போட்டு நடத்தியதற்குக் கணக்கும் உண்டு, அதை ஊர்க்கூட்டத்தில் வாசித்தாக வேண்டும். நாங்கள் அன்றைக்குத் தூக்கிப் பிடித்த கவனம் கூகுளிடம் விளம்பரத்துக்கான சரக்காகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்கை எந்த ஊர்க்கூட்டத்தில் கேட்பது? நீதிமன்றத் தடை இதைத் தொடவே இல்லை. வாசலில் டோக்கன் கொடுத்துப் போனை வாங்கி வைக்கிறது, வெளியே வந்ததும் திருப்பித் தருகிறது. பறிபோன அமைதியை அதே போனில் தியானச் செயலியாக விற்கிறவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

"சாமியாட்டம் அழிந்தால் நல்லதுதானே, மூடநம்பிக்கை ஒழியும்" என்றார் இதைக் கேட்ட தோழர் ஒருவர். தோழரே, ஒழிந்துகொண்டிருப்பது நம்பிக்கை அல்ல. அது திரைக்குள் குடிபோய் முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது, காலையில் உங்கள் போனுக்கு வரும் ராசிபலனே சாட்சி. ஒழிந்துகொண்டிருப்பது ஒரே நேரத்தில் ஒரே திசையில் குரல் கொடுக்கத் தெரிந்த கூட்டம். அந்தப் பழக்கம் இல்லாமல் நீங்கள் எந்த ஊர்வலத்தை நடத்தப் போகிறீர்கள்?

அடுத்த கொடைக்குப் போனபோது போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கும்பிட்டு நின்றேன். ரெண்டு தடவை பை அதிர்ந்தது. திருநீறு பூசிவிட்டுப் போன கோமரத்தாடி எனக்கு என்ன குறி சொன்னார் என்பதைப் பக்கத்தில் நின்ற பெரியம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.