தட்டில் விழாத பூச்சிகள்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒரு பெரியவர் பழைய பாட்டில்களில் தேன் வைத்திருந்தார். என்னோடு வந்த நண்பர், பாலும் தொடாத நனிசைவர், வேண்டாம் என்றார். "தேனீ ஒழச்சி சேத்தத நாம திருடறது தோழர்." பெரியவர் கோபப்படவில்லை. "கீழ தக்காளிக்கு மருந்து அடிக்கறாங்களே, அதுல செத்து வுழுறத எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நண்பரைக் கேலி செய்வதல்ல என் நோக்கம். அடையைப் பிழியும்போது புழுக்கள் நசுங்கிச் சாகின்றன. மலைவாசி செய்தால் அது கொலையில்லை என்பது நம்முடைய படித்த மனத்தின் பசப்பு. பூச்சிக்கு வலிக்குமா என்பதில் முடிந்த முடிவு இன்னும் இல்லை. ஐயம் இருக்கிறவரை கையை இழுத்துக்கொள்வது நியாயம்தான். பிரச்சினை, கணக்கை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கம், உயிர்களைச் சுரண்டுவதை 'இயன்றவரை' தவிர்க்கச் சொல்கிறது. யாருக்கு எது இயலும்? வர்க்கமும் சாதியும் ஒளிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதும்.

இது நமக்குப் பழைய கதை. ஏர் மண்ணையும் மண்ணிலுள்ள உயிர்களையும் குத்துகிறது என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் உழவை இழிக்கிறது. உழாதவன் சோறு தின்னலாம், பாவம் உழுதவன் தலையில். இதற்கு நேரெதிர் தர்க்கம் நீலகேசியுடையது. தாம் கொல்லாத இறைச்சியைத் தின்பது குற்றமில்லை என்ற பௌத்தர்களை, தின்பவனுக்காகத்தானே கொலை நடக்கிறது என்று அவள் மடக்குகிறாள். அந்தக் கேள்வியை இறைச்சியோடு நிறுத்தாமல் காய்கறிக்கும் நீட்ட வேண்டும் என்கிறேன். ஆரணி, வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களில் பலர் உழவர்கள். பூச்சி விழுந்து சாகக் கூடாதென்று பொழுது சாய்வதற்குள் உண்ணும் மரபு அவர்களுடையது; அதற்காக ஏரைக் கீழே போட்டுவிடவில்லை. வேண்டுமென்றே கொல்வது வேறு, பிழைப்பில் நேர்வது வேறு என்று சமணம் பிரித்தது.

ஆனால் தெளிப்பான் எந்தப் பக்கம்? அது நேர்வதல்ல, கொல்வதற்கென்றே செய்தது. அதற்கு நாம் வைத்த பெயர் 'மருந்து'. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கிற கூலியாளின் நுரையீரலும் இந்த மொழித் தந்திரத்துக்குள் மறைந்துபோகிறது. 1984இல் போபாலில் கசிந்த விஷவாயு, செவின் என்னும் பூச்சிக்கொல்லி தயாரிப்பதற்காகச் சேமித்து வைத்தது. பூச்சியைக் கொல்லும் தொழில் மனிதரை விட்டுவைத்ததில்லை.

பசும்பாலுக்கு மாற்றாக நகரத்துக் கடைகளில் பாதாம்பால் விற்கிறது. கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புகளில் மகரந்தச் சேர்க்கைக்காக லட்சக்கணக்கான தேனீப்பெட்டிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தேன் வேண்டாம், தேனீயின் உழைப்பு மட்டும் சம்மதமா?

நண்பர் தேன் வாங்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவர் மடியில் தக்காளிப் பை இருந்தது. ஒன்றில்கூடப் புழு ஓட்டை இல்லை. அந்தப் பளபளப்பை யார் எந்த விலை கொடுத்து உண்டாக்கினார்கள் என்று கேட்காதவரை, நனிசைவம் தன் தட்டைக் கழுவிக்கொள்ளும் ஆசாரமாகத்தான் இருக்கும். கேட்கத் தொடங்கினால் அது விவசாயக் கூலியின் பக்கத்தில் வந்து நின்றாக வேண்டும்.